அப்பத்தாவை ஒளித்து வைக்காதீர்கள்!



உங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு விருந்தாளி வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. சில மாதங்கள் உங்கள் வீட்டிலேயே தங்கப் போகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. 'சரி, இங்கிலீஷில் சமாளிக்கலாம்' என்றால், அதுவும் அவருக்கு நம்மைப் போலத்தான்... கொஞ்சம் கொஞ்சம்! அவருடைய தாய்மொழி ஸ்பானிஷ்.

என்ன செய்வீர்கள்?

"தினமும் பீட்சா வாங்கித் தருவோம்", "பெரிய மாலுக்குக் கூட்டிட்டுப் போவோம்", "வீட்டுக்குப் புது பெயின்ட் அடிப்போம்" என்றெல்லாம் சொல்கிறீர்கள்தானே? மாட்டிக் கொண்டீர்கள்! இதே தப்பைச் செய்த ஒரு பையனின் கதையை முதலில் சொல்கிறேன். அப்புறம் என் கருத்தைச் சொல்கிறேன்.

பரணுக்குப் போன டம்ளர்கள்

மதுரையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு, சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு விருந்தாளி வந்தாள். மெக்சிகோ நாட்டுப் பெண். வயது 16. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இந்தியா வந்தவள். அக்கா மகன் அப்போது ஏழாம் வகுப்பு. (பெயரைச் சொன்னால் என்னோடு 'டூ' விட்டுவிடுவான். அதனால் 'நம்ம ஆள்' என்றே வைத்துக் கொள்வோம்.)

அந்தப் பெண் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நம்ம ஆள் வேலையை ஆரம்பித்துவிட்டான். எவர்சில்வர் டம்ளர் எல்லாம் பரணுக்குப் போனது. கடையிலிருந்து பீங்கான் கப் வந்தது. கோரைப்பாய் கட்டிலுக்கு அடியில் போனது. "அம்மா, அவங்க முன்னாடி யாரும் கையால சாப்பிடக் கூடாது. ஸ்பூன்தான்!" என்று உத்தரவு வேறு.

கடைசியாக அப்பத்தாவிடம் போனான். "அப்பத்தா, அந்த அக்கா வந்தா நீ பின்கட்டுலயே இரு. வெத்தலை போடாத. சத்தமாப் பேசாத."

அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. "சரிடா ராசா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெண் வந்தாள். காலையில் பிரெட், மத்தியானம் நூடுல்ஸ், ராத்திரி பீட்சா. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்துக் கொண்டே இருந்தார்கள். அவளும் சிரித்துக் கொண்டே இருந்தாள். ஆனால், யாரும் எதுவும் பேசவில்லை. மூன்று நாட்கள் இப்படியே ஓடின. ஓட்டல் ரூமில் தங்கியிருப்பதற்கும் அந்த வீட்டில் தங்கியிருப்பதற்கும் அவளுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

நாலாவது நாள் காலையில் அக்கா வீட்டு மிக்சி ரிப்பேர் ஆகிவிட்டது. அப்பத்தா பின்கட்டில் உட்கார்ந்து அம்மியில் தேங்காய்த் துவையல் அரைக்க ஆரம்பித்தார். 'கடகட' என்று சத்தம். அவ்வளவுதான்! உள்ளே இருந்த அந்தப் பெண் ஓடி வந்தாள். "மெத்தாத்தே! மெத்தாத்தே!" என்று கத்திக் கொண்டே அப்பத்தா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குழவியை வாங்கித் தானே அரைக்க ஆரம்பித்துவிட்டாள்!

நம்ம ஆளுக்கு ஒன்றுமே புரியவில்லை. அவள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மெக்சிகோவில் வஹாக்கா என்ற பகுதியில் இருக்கும் அவளுடைய பாட்டி. அவர் முன்னால் ஒரு கல். அசல் நம்ம அம்மி மாதிரியே! மூன்று கால் வைத்து, கொஞ்சம் சரிவாக இருந்தது. அதுதான் 'மெத்தாத்தே'. மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான வருடங்களாக இதில்தான் மக்காச்சோளம் அரைத்தார்கள். மேலே உருட்டுகிற கல்லுக்கு அங்கே 'மானோ' என்று பெயர். ஸ்பானிஷில் 'மானோ' என்றால் கை. நம் 'குழவி'க்கு என்ன அர்த்தம் தெரியுமா? கைக்குழந்தை! அங்கே கை, இங்கே குழந்தை. நன்றாக இருக்கிறது இல்லையா?

படத்தைக் காட்டும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாக வீட்டு ஞாபகத்தை அடக்கி வைத்திருந்தாள், பாவம்! அப்பத்தா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனாலும், அன்று முழுவதும் இரண்டு பேரும் பின்கட்டில்தான் இருந்தார்கள்.

சாயந்திரம் நம்ம ஆள் யாரும் சொல்லாமலே பரண் மேல் ஏறினான். எவர்சில்வர் டம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான்.

விருந்து என்றால் என்ன?

குட்டீஸ், நம்ம ஆள் கெட்ட பையன் இல்லை. விருந்தாளியிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். நாமும் அப்படித்தான். நான்கூட உங்கள் வயதில், நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் கிழிந்த போர்வையை மறைக்க ஓடுவேன்! ஆனால், போர்வையை மறைப்பது வேறு. அப்பத்தாவை மறைப்பது வேறு. 'நம்மிடம் இருப்பதெல்லாம் மட்டம்' என்று நாமே முடிவு செய்துவிட்டால், வந்தவருக்குக் காட்ட நம்மிடம் என்ன மிச்சம் இருக்கும்? பீட்சா அவர் ஊரிலும் கிடைக்கும். மால் அவர் ஊரிலும் இருக்கும். அம்மி அரைக்கிற அப்பத்தா உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறார்!

'விருந்து' என்றதும் நமக்கு வடை, பாயசம் ஞாபகம் வரும். ஆனால், பழைய தமிழில் 'விருந்து' என்றால் 'புதுமை' என்று அர்த்தம். தொல்காப்பியத்தில்கூட அந்தப் பொருளில் வருகிறது. புதிதாக வந்தவர்தான் விருந்து. சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது அதற்கு அப்புறம்தான். அதனால், இலை நிறையப் பரிமாறினால் மட்டும் விருந்து ஆகிவிடாது. வந்திருக்கும் புது மனிதரை நாம் தெரிந்து கொள்ள வேண்டும். நம்மை அவர் தெரிந்து கொள்ள இடம் கொடுக்க வேண்டும். இதுதான் என் கருத்து.

மிளகாய் யார் வீட்டுப் பொருள்?

அந்தப் பெண்ணிடம் நம்ம ஆள் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு என்னென்ன வெளியே வந்தது தெரியுமா?

மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் மாங்காய்க் கீற்று விற்றார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவியது. 'காரம், வேண்டாம்' என்று நம்ம ஆள் தடுத்தான். அவள் இரண்டு மடங்கு மிளகாய்த்தூள் போடச் சொன்னாள்! மெக்சிகோவிலும் தெருவில் மாங்காயை வெட்டி, உப்பு, மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து விற்கிறார்கள். புளியில் உப்பும் மிளகாயும் பிசைந்து மிட்டாய் செய்கிறார்கள். நீங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் புளி உருண்டை நக்குவீர்களே, அதேதான்!

மிளகாய் முதலில் அவர்கள் ஊர்க் காய். 1492-ல் கொலம்பஸ் கடல் தாண்டிப் போன பிறகுதான், அது ஐரோப்பியர்கள் மூலமாக நம் ஊருக்கு வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகு மாதிரி காரமாக ஒரு காய் வந்ததால் 'மிளகாய்' என்று பெயர் வைத்தார்கள். தக்காளி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாம் அந்தப் பக்கத்துக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். நாம் மாலை கட்டும் செண்டுமல்லிகூட மெக்சிகோ பூ. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்து போன தாத்தா, பாட்டிகளை நினைத்து வீட்டில் படைப்பார்கள். அப்போது வீடு முழுக்க இந்தப் பூதான்.

பதிலுக்கு நம் பக்கத்திலிருந்து போனது மாமரம். ஆசியாவிலிருந்து கப்பலேறி மெக்சிகோ போய்ச் சேர்ந்தது. மாங்காய் நம்முடையது, மிளகாய் அவர்களுடையது. இரண்டும் சேர்ந்தால்தான் ருசி!

சப்போட்டாவைப் பார்த்ததும் அவள் 'சப்போத்தே' என்று துள்ளினாள். பழமும் அங்கிருந்து வந்தது, பெயரும் அங்கிருந்து வந்தது. சப்போட்டா மரத்தின் பாலிலிருந்து முன்பு சூயிங்கம் செய்தார்கள் என்று அவள் சொன்னபோது, நம்ம ஆள் ஆச்சரியத்தில் வாயிலிருந்த சூயிங்கத்தை விழுங்கிவிட்டான். (நீங்கள் விழுங்காதீர்கள்!)

'சீ' சொல்லாதீர்கள்

ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அவள், "எங்க ஊர்ல வெட்டுக்கிளியை வறுத்து, எலுமிச்சையும் மிளகாயும் போட்டுச் சாப்பிடுவோம்" என்றாள். நம்ம ஆள் "சீ... உவ்வே!" என்று முகத்தைச் சுளித்தான். அவள் தலையைக் குனிந்து கொண்டாள்.

அப்பத்தா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்து கொண்டார். பிறகு சிரித்தார். "ஏன்டா, நாங்க சின்னப் புள்ளைல மழை விட்டதும் ஈசல் புடிச்சு, அரிசியோட வறுத்துத் தின்னவங்கதான்டா. அது மட்டும் பூச்சி இல்லையாக்கும்?" என்றார். இதை அக்கா இங்கிலீஷில் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

அனிச்சம் என்ற பூவைவிட விருந்தாளியின் மனசு மென்மையானது என்கிறார் வள்ளுவர். விருந்தோம்பலுக்கு என்றே ஒரு அதிகாரம், பத்துக் குறள் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சமையலைப் பற்றி மட்டும் இல்லை, நம் முகத்தைப் பற்றியும்தான். பிடிக்காததைச் சாப்பிட வேண்டாம். அதற்காக முகம் சுளிக்கவும் வேண்டாம். "எங்களுக்குப் பழக்கமில்லை. எப்படி இருக்கும், சொல்லுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல கதை ஒன்று கிடைக்கும்!

ஸ்பானிஷ் அவ்வளவு கஷ்டமா?

ஸ்பானிஷ் என்றால் ஸ்பெயின் நாடு மட்டும் என்று நினைக்காதீர்கள். சுமார் 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. மெக்சிகோ, கொலம்பியா, பெரு, அர்ஜென்டினா, கியூபா என்று சுமார் 20 நாடுகளில் பேசுகிறார்கள். நாட்டுக்கு நாடு பழக்கமும் மாறும். மெக்சிகோவில் 'தோர்த்தியா' என்றால் நம் சப்பாத்தி போன்ற சோள ரொட்டி. ஸ்பெயினில் அதே பெயரைக் கேட்டால், உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை வரும்! அதனால், விருந்தாளி எந்த நாடு என்று முதலில் தெரிந்து கொண்டு, பூகோளப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மொழியில் சில விஷயங்கள் சுலபம். இங்கிலீஷில் எல்லோருக்கும் 'யூ'தான். ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். நமக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம்! இங்கிலீஷ் 'என்' எழுத்தின் தலையில் ஒரு குட்டி அலை போட்டு எழுதுவார்கள். அது நம்ம 'ஞ'. 'நீஞோ' என்றால் சிறுவன். கேள்வி கேட்கும்போது வாக்கியத்தின் ஆரம்பத்திலேயே தலைகீழாக ஒரு கேள்விக்குறி போடுவார்கள். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. 'பெரோ' என்றால் ஆனால். நாக்கை நன்றாக உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய்!

பதிலுக்கு அவர்களுக்கு நம் மொழியில் தலை சுற்றும். அப்பாவின் அம்மாவுக்கும் அம்மாவின் அம்மாவுக்கும் அவர்களிடம் ஒரே சொல், 'அபுவேலா'. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருமே 'தீயா'தான். நம்ம ஆள் ஒரு நோட்டில் சொந்தக்காரர் படம் போட்டு, யார் அப்பத்தா, யார் அம்மாச்சி என்று விளக்கினான். அவள் தன் பெயரை எழுதிக் காட்டினாள். பெயருக்குப் பின்னால் அப்பா வழிக் குடும்பப் பெயர், அதற்குப் பின்னால் அம்மா வழிக் குடும்பப் பெயர். இரண்டும் உண்டு! "நமக்கு ஏன்மா உன் இனிஷியல் இல்லை?" என்று நம்ம ஆள் அக்காவைக் கேட்டான். நல்ல கேள்விதானே? விருந்தாளி வந்ததால்தான் அந்தக் கேள்வியே அவனுக்குத் தோன்றியது.

தாகூரின் நாற்காலி

விருந்தாளியை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். இதில் விருந்தாளி இந்தியர். விருந்து கொடுத்தவர்தான் ஸ்பானிஷ் பேசுகிறவர்.

1924 நவம்பர். கவிஞர் தாகூர் பெரு நாட்டுக்குப் போகக் கப்பலில் கிளம்பியிருந்தார். வயது 63. வழியில் உடம்புக்கு முடியாமல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் நகரில் இறங்கினார். விக்டோரியா ஓகம்போ என்ற எழுத்தாளர் அவரைப் பார்க்க வந்தார். தாகூரின் 'கீதாஞ்சலி'யைப் படித்தவர். ஊருக்கு வெளியே ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டை ஏற்பாடு செய்து, தாகூரைத் தங்க வைத்தார். சுமார் இரண்டு மாதம்! அவருக்கு வங்காளம் தெரியாது. தாகூருக்கு ஸ்பானிஷ் தெரியாது. இங்கிலீஷில் பேசிக் கொண்டார்கள்.

தாகூர் கவிதை எழுதும்போது பிடிக்காத வரிகளை அடித்துவிடுவார். அந்த அடித்தல்களை இணைத்து, பறவை மாதிரியும் மிருகம் மாதிரியும் கிறுக்குவார். ஓகம்போ அந்த நோட்டைப் பார்த்தார். மற்றவர்களுக்குக் கிறுக்கலாகத் தெரிந்தது, அவருக்கு ஓவியமாகத் தெரிந்தது. 1930-ல் பாரிஸ் நகரில் தாகூரின் ஓவியங்களுக்குக் கண்காட்சி நடக்க ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

அந்த வீட்டில் தாகூர் விரும்பி உட்கார்ந்த நாற்காலி ஒன்று இருந்தது. தாகூர் கிளம்பும்போது அதையும் கப்பலில் ஏற்றி அனுப்பினார் ஓகம்போ. கப்பல் அறையின் கதவுக்குள் அது நுழையவில்லை. விட்டாரா? கதவையே கழற்ற வைத்துவிட்டார்! அந்த நாற்காலி சாந்திநிகேதன் வந்து சேர்ந்தது.

'என் வீடு எப்படி இருக்கு பாருங்க' என்று காட்டுவது ஒரு வகை உபசாரம். 'இவருக்கு எது பிடிக்கிறது' என்று கவனிப்பது இன்னொரு வகை. ஓகம்போ செய்தது இரண்டாவது வகை.

எதற்காக இந்தப் பரிமாற்றம்?

மாணவர்களை வேறு நாட்டு வீடுகளில் தங்க வைக்கும் அமைப்புகளில் ஏ.எஃப்.எஸ். என்பது ஒன்று. அதை ஆரம்பித்தவர்கள் ஆசிரியர்கள் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள்! இரண்டு உலகப் போர்களிலும் அடிபட்டவர்களைத் தூக்கிச் சென்றவர்கள். ஒரு நாட்டுப் பிள்ளைகள் இன்னொரு நாட்டு வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, பள்ளிக்கூடம் போய் வந்தால், நாளைக்கு ஒருவரையொருவர் எதிரியாக நினைக்க மாட்டார்கள் என்று நம்பினார்கள். 1947-ல் மாணவர்களை அழைக்கத் தொடங்கினார்கள். ரோட்டரி சங்கங்களும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு திட்டம் நடத்துகின்றன.

ஒன்று முக்கியம். இணையத்தில் பழக்கமான யாரையும் நீங்களாக வீட்டுக்குக் கூப்பிடவே கூடாது. இது அப்பா, அம்மா முடிவு செய்து, பள்ளி மூலமோ தெரிந்த அமைப்பு மூலமோ நடக்க வேண்டியது. வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் அரசுக்கும் தகவல் தர வேண்டும். அதைப் பெரியவர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

உங்கள் வேலைகள் இவைதான்:

* விருந்தாளியை உட்கார வைத்தே இருக்காதீர்கள். வெங்காயம் உரிக்க, கோலம் போட, துணி மடிக்கக் கூப்பிடுங்கள். வேலை செய்தால்தான் வீட்டுப் பிள்ளை என்ற எண்ணம் வரும்.

* சாப்பாட்டு நேரம் மாறும். ஸ்பெயினில் மத்தியானச் சாப்பாடு 2 மணிக்கு மேல், ராத்திரிச் சாப்பாடு 9 மணிக்கு மேல். பழகக் கொஞ்ச நாள் கொடுங்கள்.

* அங்கே கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்வார்கள். திகைக்க வேண்டாம். கைகூப்பி 'வணக்கம்' சொல்லிக் கொடுங்கள். பதிலுக்கு 'ஓலா' சொல்லுங்கள்.

* அவர் தப்பாகத் தமிழ் பேசினால் கேலி செய்யாதீர்கள். நீங்களும் தப்பாக ஸ்பானிஷ் பேசுங்கள். கணக்கு சரியாகிவிடும்!

* வீட்டு ஞாபகத்தில் அழுதால் கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அப்பத்தா செய்தது அதைத்தான்.

இன்னும் ஒரு கேள்வி

"எங்க வீட்டுக்கு வெளிநாட்டுக்காரங்க யார் வரப் போறாங்க?" என்று கேட்கிறீர்களா? சரி, உங்கள் வகுப்பைப் பாருங்கள். பீகாரிலிருந்தோ, ஒடிசாவிலிருந்தோ அப்பா, அம்மா வேலைக்காக வந்த ஒரு பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அவனுக்கும் தமிழ் தடுமாறும். அவனுக்கும் ஒரு பாட்டி இருப்பார், ஒரு சாப்பாடு இருக்கும், ஒரு ஊர் இருக்கும். மெக்சிகோவிலிருந்து வந்தால் செல்ஃபி எடுக்க ஓடுகிறோம். ஒடிசாவிலிருந்து வந்தால் பெயர்கூடக் கேட்பதில்லை. இது நியாயமா, குட்டீஸ்? அவனும் புதிதாக வந்தவன்தான். அவனும் விருந்துதான்.

ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் விருந்தாளியிடம், 'மீ காசா எஸ் சு காசா' என்பார்கள். 'என் வீடு உங்கள் வீடு' என்று அர்த்தம். சொல்வது சுலபம். உங்கள் வீடு என்று சொல்லிவிட்டு, பாதி வீட்டை மறைத்து வைத்தால் எப்படி?

அந்த மெக்சிகோ பெண் ஊருக்குப் போகும்போது, அக்கா ஒரு பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுத்தாள். சந்தோஷமாக வாங்கிக் கொண்டாள். அப்புறம் நேராகப் பின்கட்டுக்குப் போய், அப்பத்தாவிடம் தேங்காய்த் துவையலுக்கு என்னென்ன போட வேண்டும் என்று கேட்டு எழுதிக் கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தது யார் தெரியுமா?

நம்ம ஆள்தான்!